காப்புக் கட்டிய கையில் ஒரு மீன்

டென்மார்க்கின் சில்க்போர்க்கில் வெறுங்கையோடு வீடு திரும்புவதற்காக இவ்வளவு சாமான் வாங்கி வைத்திருக்கிற தமிழர் பாலேந்திரா அண்ணை ஒருவர்தான். நெஞ்சுவரை ஏறுகிற ரப்பர் காற்சட்டை, விதம்விதமான தூண்டில் தடிகள், தண்ணீருக்குள் பார்ப்பதற்கென்று ஒரு கறுப்புக் கண்ணாடி, உடம்பெல்லாம் பை வைத்துத் தைத்த ஒரு சட்டை. அந்தப் பைகள் ஒன்றிலும் மீன் இருந்ததில்லை. பதினொரு வருடமாக அவர் மீன் பிடிக்கப் போய் வருகிறார். அவர் பிடித்த மீனின் ஒரு செதிலைக்கூட எங்கள் ஆட்கள் யாரும் கண்டதில்லை.

கேட்டால், "பிடிக்கிறனான். பிடிச்சுப்போட்டுத் திருப்பி விடுறனான்" என்பார்.

யாழ்ப்பாணத்து ஆட்களிடம் சொல்கிற கதையா இது? மீன்காரர் செவுளைத் தூக்கிக் காட்டினாலும் நம்பாமல், தாங்களே விரலை விட்டுப் பார்க்கிற சனம் நாங்கள். ஒருவர் குளிரில் விறைத்து நின்று மீனைப் பிடித்து, அதன் வாயிலிருந்து தூண்டில் முள்ளைப் பதமாகக் கழற்றி, சுகம் விசாரித்து, மறுபடியும் தண்ணீருக்குள் அனுப்பிவிட்டு வருகிறேன் என்றால், அதற்கு எங்களிடம் ஒரே ஒரு அர்த்தம்தான் உண்டு. மீன் படவில்லை.

அவருக்கு 'வெறுங்கை அண்ணை' என்று பெயர் வந்தது அப்படித்தான். பெயரை வைத்தவர் பேதுரு.

பேதுரு வேதக்காரர், தேவாலயத்துக்குப் போகிறவர். ஆனாலும் எங்கள் முருகன் கோயில் அன்னதான வரிசையில் அவருக்கு முன்னால் யாரும் நின்றதில்லை. அவரும் மீன் பிடிக்கிறவர்தான். நாலு பேர் மதிக்கிற விதமாகப் பிடிக்கிறவர். மே மாதம் பிறந்தால் கடற்கரைக்குப் போய் வாளி வாளியாக முரல் மீன் கொண்டுவந்து வீட்டுக்கு வீடு கொடுப்பார். எலும்பு பச்சையாக இருக்கிறதென்று சில டேனிஷ்காரர் முகம் சுளிக்கிற அந்த முரலை நாங்கள் புளி விட்டுக் குழம்பு வைத்து, எலும்பையும் சப்பிவிட்டுத்தான் கோப்பையைக் கழுவுவோம். ஆகவே பேதுரு மீன் பிடிப்பார் என்பதற்கு ஊரில் எல்லா வயிறும் சாட்சி. பாலேந்திரா அண்ணைக்குச் சாட்சி ஹென்னிங் மட்டும்தான்.

ஹென்னிங் அவரோடு ஜன்னல் தொழிற்சாலையில் வேலை செய்கிற டேனிஷ்காரர். பல வருடம் பக்கத்து இயந்திரத்தில் நின்றும் காலை வணக்கத்துக்கு மேல் ஒரு சொல் பேசாத மனிதர். அந்த மனிதரே இடுப்பளவு தண்ணீரில் நின்றால் தன் விவாகரத்துக் கதை முழுவதையும் சொல்வார் என்பதைத் தற்செயலாகக் கண்டுபிடித்த நாளிலிருந்து பாலேந்திரா அண்ணை ஆற்றை விட்டு ஏறவில்லை. டென்மார்க்கில் மனிதரோடு கதைக்க வேண்டுமென்றால் முதலில் குளிர்தண்ணீரில் இறங்க வேண்டும் என்று எங்களுக்குப் புத்தி சொல்வார். அந்த அளவுக்கு ஒருவரோடும் கதைக்க எங்களுக்கு விருப்பமில்லை.

ஹென்னிங்கின் மீன்பிடிக் கழகத்தில் புழு குத்திப் பிடிப்பது கேவலம். இறகையும் மயிரையும் நூலால் சுற்றி, ஈ மாதிரியும் குட்டி மீன் மாதிரியும் பொய் இரை கட்டி எறிய வேண்டும். மாரி காலத்து மாலைகளில் அறுபது வயது டேனிஷ்காரர்கள் நிலக்கீழ் அறை ஒன்றில் கூடி, கைவேலை வகுப்புப் பிள்ளைகள் மாதிரிக் குனிந்திருந்து இதைக் கட்டுவார்கள். பாலேந்திரா அண்ணையின் ஈக்களுக்கு அங்கே தனி மதிப்பு. அவர் மயிலிறகு வைத்துக் கட்டுவார். அந்த இறகு எங்கிருந்து வருகிறது என்று கழகத்தில் யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால், எங்கள் கோயில் சாமான் அறையில் கிடக்கிற பழைய காவடி வருடத்துக்கு வருடம் மொட்டையாகி வருவதன் காரணம் தெரிந்திருக்கும்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், அவருடைய மனைவி தவமணியும் நானும் ஒரே முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறோம். அவர் கோயிலில் சொல்கிற கதையை அவள் வேலையிடத்தில் திருத்திச் சொல்வாள். இரண்டையும் கேட்டு நடுவில் ஒரு கோடு போட்டால் உண்மை வந்துவிடும்.

மீனைப் படம் எடுத்துக் காட்டலாமே என்று நீங்கள் கேட்கலாம். காட்டினார். ஆனால் அந்தக் கழகத்துக்கு இன்னொரு சட்டமும் உண்டு: மீனுக்கு மூச்சு முட்டக் கூடாதாம். அதனால் அதைத் தண்ணீரோடு பிடித்தபடி படம் எடுப்பார்கள். படத்தில் பாதி மீனும் இரண்டு கையும்தான் இருக்கும். குளிர் தாங்காமல் அந்தக் கையிலும் எந்நேரமும் கையுறை இருக்கும். பேதுரு கைபேசியை வாங்கி, விரலால் பெரிதாக்கி, நகைக்கடையில் நிற்கிற பெண்கள் மாதிரிப் பார்ப்பார்.

"மீன் சரி. கை ஆரின்ரை?"

"என்ரை கைதான்."

"எப்பிடி நம்புறது அண்ணை? ஹென்னிங்கின்ரை கையெண்டும் சொல்லலாம்."

சுற்றி நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். ஆனால் அது அவருக்குச் சுட்டது. ஒரு மீனைக் கொன்று கொண்டுவந்து காட்டினால் கதை முடிந்துவிடும்தான். விடுவேன் என்று ஹென்னிங்குக்கு வாக்குக் கொடுத்திருந்தார், அதை மீறவில்லை. ஒருநாள் தவமணியிடம், "நான் செத்தாலும் படத்துக்குக் கீழை வெறுங்கை அண்ணை எண்டுதான் போடுவாங்கள்" என்றாராம். ஒரே ஒரு மீனையாவது பாலேந்திரா பிடித்தான் என்று ஊர் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த மனிதருக்கு இருந்த ஆசை அவ்வளவுதான்.

போன கந்தசஷ்டியில் அது நிறைவேறியது. நிறைவேறிய விதம்தான் பொல்லாதது.

பழைய தளபாடக் கடை ஒன்றுக்குள் இருக்கிற எங்கள் கோயிலில் சஷ்டி விரதத்தின் முதல்நாள் ஐயர் எல்லோருக்கும் காப்புக் கட்டுவார். மஞ்சள் நூலோடு தர்ப்பையைச் சேர்த்து முறுக்கி, ஆண்களுக்கு வலது மணிக்கட்டில் மூன்று முடிச்சு. ஏழாம் நாள்தான் அவிழ்ப்பார். அதுவரை மச்சம் மாமிசம் தொடக் கூடாது. பாலேந்திரா அண்ணை ஆறு நாளும் பாலும் பழமும் மட்டும் எடுத்து, வேலைக்கும் லீவு போட்டுவிட்டு இருப்பார். அவ்வளவு கடும் விரதம் பிடிப்பவர் எங்களில் வேறு இல்லை. அதோடு அந்த வருடம் கோயில் தலைவர் மகனோடு இருக்க லண்டனுக்குப் போகிறார் என்று ஆகிவிட்டது. எங்கள் கோயிலில் தலைவராக இரண்டு தகுதி வேண்டும்: விரதம் பிடிக்க வேண்டும், கூட்டத்துக்கு வர வேண்டும். இரண்டும் உள்ள ஒரே மனிதர் உபதலைவர் பாலேந்திரா அண்ணை. சூரசம்ஹாரத்தன்று அறிவிப்பதாக ஏற்பாடு.

விரதத்தின் மூன்றாம் நாள், வெள்ளிக்கிழமை காலை, ஹென்னிங் தொலைபேசி எடுத்தார்.

"நாளையோடு ஆற்றில் ட்ரவுட் மீன் பிடிக்கிற காலம் முடிகிறது, பாலா. முட்டையிடும் காலத் தடை வருகிறது. ஏரியில் பைக் மீன் நாணல் ஓரத்துக்கு வந்துவிட்டது. இந்த வருடம் இதைவிட நல்ல நாள் கிடையாது."

பைக் என்பது வாத்தின் அலகு போன்ற வாயும் அதற்குள் ஊசி ஊசியாகப் பல்லும் உள்ள பெரிய மீன். எங்கள் ஆட்கள் அதை ஏரிச் சீலா என்பார்கள். இலை கொட்டி, தண்ணீர் குளிர்ந்து, நாலு மணிக்கே இருட்டுகிற காலத்தில்தான் அது நன்றாகப் பசித்துத் திரியும். அதே காலத்தில்தான் முருகனும் சூரனோடு சண்டைக்கு வருவார். இந்த இரண்டையும் ஒரே வாரத்தில் வைத்தது யாருடைய வேலை என்று பாலேந்திரா அண்ணை வருடாவருடம் நொந்துகொள்வார்.

அவர் ரப்பர் காற்சட்டையை எடுத்ததைத் தவமணி கண்டுவிட்டாள்.

"இஞ்சாருங்கோ, கையிலை காப்பு."

"நான் சும்மா பாக்கத்தான் போறன்."

"பாக்கிறதுக்கு ஏன் உந்தக் காற்சட்டை?"

"கரையும் ஈரமெல்லோ."

உள்ளேயிருந்து மகள் அபிதா டேனிஷில் சொன்னாள்: "அம்மா, விடுங்கள். அப்பா எப்படியும் ஒன்றும் பிடிக்கப்போவதில்லை."

பெற்ற பிள்ளையும் சொன்ன பிறகு ஒரு மனிதன் வீட்டில் இருப்பானா?

ஆற்றங்கரையில் அவர் சொன்னபடியே சும்மாதான் நின்றார். பிறகு ஹென்னிங் கோப்பி ஊற்றும்போது தடியைக் கொஞ்சம் பிடிக்கச் சொன்னார்; பிடித்தார். பிடித்த தடியை எவ்வளவு நேரம் நட்டு வைத்த மாதிரி வைத்திருப்பது என்று ஒரு தரம் எறிந்தார். எறியும்போதே அவருடைய மூளை வேலை செய்யத் தொடங்கிவிட்டது. நான் மீனைத் தின்னப் போவதில்லை. கொல்லப் போவதுமில்லை. தின்னாமல் கொல்லாமல் பிடிக்கிற மீன் எப்படி மச்சமாகும்? சரியாகப் பார்த்தால் இதுதான் சைவ மீன்பிடி. சட்டம் படித்த எங்கள் ஆட்கள் கொழும்பில் இருந்து கோப்பன்ஹேகன் வரை எத்தனையோ பேர் இருக்கிறார்கள். ஒருவருக்கும் இந்த வாதம் வந்திருக்காது.

ட்ரவுட் ஒன்று கடித்தது. வயிறு நிறைய முட்டையோடு இருந்ததால் உடனே விட்டார்கள். மத்தியானத்துக்குப் பிறகு ஹென்னிங்கின் படகில் ஏரிக்குப் போனார்கள். பாலேந்திரா அண்ணை தானே கட்டிய ஈயைப் போட்டார். உள்ளங்கை நீளத்துக்கு மயிலிறகு, தலையில் ஒரு சிவப்பு நூல். நாணல் ஓரம் எறிந்து, நூலைக் கையால் இழுத்து, நிறுத்தி, இழுத்து வரும்போது தண்ணீருக்குள் கிடந்த ஒரு மரக்கட்டை திரும்பியது. அப்படித்தான் அவர் நினைத்தாராம், மரக்கட்டை என்று. அதற்குப் பிறகு தடி வளைந்த வளைவில் ஹென்னிங் தன் கோப்பியைக் காலில் ஊற்றிக்கொண்டார்.

மூன்று நாளாகப் பாலும் வாழைப்பழமும் மட்டும் உள்ளே போன உடம்பு அது. கண் இருட்ட, படகு ஒரு பக்கம் சாய, ஒருவழியாகக் கிட்டக் கொண்டுவந்தார்கள். படகோடு சேர்த்து வைத்து அளந்தார்கள். நூற்றேழு சென்ரிமீற்றர். கழகத்திலேயே சிலர்தான் அந்த அளவைக் கண்டவர்கள். பைக் மீனை வெறுங்கையை நனைத்துத்தான் தொட வேண்டும், கையுறை அதன் வழுவழுப்பை உரித்துவிடும். ஆகவே பாலேந்திரா அண்ணை கையுறையைக் கழற்றி, செவுளடியில் விரல் கொடுத்துப் பிடித்தார். ஹென்னிங் படம் எடுத்தார். பிறகு மீன் ஒரு வாலடி அடித்து, இருவர் முகத்திலும் தண்ணீர் தெளித்துவிட்டுப் போனது.

திரும்பும்போது காரில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். இந்த முறை கையுறை இல்லை. கறுத்த கை, வலது மணிக்கட்டு, அதில் மஞ்சள் நூல். இனிப் பேதுரு என்ன, அவன் பாட்டன் வந்தாலும் இதை ஹென்னிங்கின் கை என்று சொல்ல முடியாது. காப்புக் கட்டிய டேனிஷ்காரன் உலகத்தில் உண்டா? அழுகையே வந்துவிட்டது என்று பின்பு தவமணியிடம் சொல்லியிருக்கிறார். ஒரு சந்தி தாண்டுவதற்குள் அந்த அழுகைக்கு வேறு காரணம் வந்துவிட்டது. காப்பு கையில் இருப்பது வருடத்தில் இந்த ஒரு கிழமை மட்டும்தான். கை யாருடையது என்று காட்டுகிற அதே நூல், மீன் எப்போது பிடிபட்டது என்றும் காட்டிக் கொடுக்கும்.

"இந்தப் படத்தை யாருக்கும் காட்ட வேண்டாம்" என்றார் ஹென்னிங்கிடம்.

ஹென்னிங் அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டார். டேனிஷ்காரருக்குத் தன்னடக்கம் மிகவும் பிடிக்கும். பதினொரு வருடமாகத் தன் நண்பனை அவனுடைய ஆட்களே நம்புவதில்லை என்பது அவருக்குத் தெரியும். ஆற்றில் நின்றால் கதை இரண்டு பக்கமும் போகும் அல்லவா? நல்ல மனிதர். நல்ல மனிதர்கள் செய்கிற அநியாயத்துக்கு மருந்தே இல்லை.

எங்கள் கோயில் விழா எதுவானாலும் முன்வரிசையில் ஒரு டேனிஷ்காரர் உட்கார்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் நிர்வாகத்துக்கு விழா நடந்த மாதிரி இருக்காது. அந்த வருட சூரசம்ஹாரத்துக்கு ஹென்னிங்கை அழைப்பதென்று ஒரு மாதத்துக்கு முன்பே முடிவாகியிருந்தது. அழைத்தவர் உபதலைவர்தான்.

அன்றைக்கு மழையும் பனியும் கலந்து கொட்டியது. வாகனத் தரிப்பிடத்தில் பொடியன்கள் சூரனைத் தள்ளிக்கொண்டு ஓட, முருகன் குடையோடு துரத்த, சூரன் தலை தலையாக மாற்றி ஒருவழியாகச் செத்தான். எல்லோரும் உள்ளே வந்து ஈரச் சப்பாத்தைக் கழற்றிவிட்டு இருந்தார்கள். நான் வடைத் தாச்சியை அடுப்பில் விட்டுவிட்டுச் சமையலறை வாசலில் நின்றேன். ஆறு நாள் விரதத்தில் கன்னம் ஒட்டிப்போன பாலேந்திரா அண்ணை, பட்டு வேட்டியோடு முன்னால் நின்றார். அவரை அறிவிக்கப் போகிற தலைவர், அதற்கு முன் நம் டேனிஷ் விருந்தினர் இரண்டு வார்த்தை பேசுவார் என்றார்.

ஹென்னிங் எழும்பி, தான் கொண்டுவந்த நீளமான பொதியைப் பிரித்தார். கதவளவு படம். நடுவில் மீன். மீனைப் பிடித்த கையில் மஞ்சள் காப்பு, முடிச்சு மூன்றும் எண்ணக்கூடிய மாதிரி.

"பாலா மீன் பிடிப்பதை நீங்கள் நம்புவதில்லை என்று கேள்விப்பட்டேன்" என்றார் டேனிஷில். "வெள்ளிக்கிழமை பிடித்தது. நான் சாட்சி. அவர் தன்னடக்கத்தால் இதை மறைத்துவிட்டார்."

தாச்சியில் வடை கருகியதுகூடக் கேட்டது. ஐயர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்ட வந்தார்.

"உது நான் கட்டின காப்பெல்லோ!"

"ஐயா, அது என்ரை கை இல்லை" என்றார் பாலேந்திரா அண்ணை.

இங்கேதான் எனக்குச் சிரிப்பு வந்தது, ஆத்திரமும் வந்தது. பதினொரு வருடம் அவர் தன் கை, தன் கை என்று கத்தியபோது ஒருவரும் நம்பவில்லை. இப்போது இல்லை என்று அவர் வாயால் சொல்ல, சபை முழுக்க ஒரே குரலில் நம்பியது. "அது அண்ணையின்ரை விரல்தான், அந்த நகத்தைப் பாருங்கோ." "வலக்கையிலை உந்தத் தழும்பு அவருக்குத்தான் இருக்கு, மெசினிலை வெட்டினது." அவருடைய ஒரு விரலைக்கூட அதுவரை கவனித்திராத சனம் முழுக் கையையும் மனப்பாடமாக ஒப்பித்தது. தவமணி நிலத்தைப் பார்த்தபடி இருந்தாள்.

"எத்தினை பேருக்குக் காப்புக் கட்டினனீங்கள் ஐயா! ஆரின்ரை கையாயும் இருக்கலாம்" என்றார் அவர் மறுபடியும்.

ஐயர் யோசித்தார். இவரை விட்டால் தலைவராக வேறு ஆளில்லை என்பது அவருக்கும் தெரியும். "சரி. சந்நிதானத்திலை நிண்டு இல்லையெண்டு சொல்லுறார். அப்ப இல்லைத்தான்" என்றார். தலைவர் அப்பாடா என்று ஒலிவாங்கியை எடுத்தார். அவ்வளவுதான், கண்டம் தாண்டிவிட்டது. இன்னும் ஒரு நிமிடம் அவர் வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும்.

பேதுரு ஒரு வடையைக் கடித்தபடி படத்துக்குக் கிட்ட வந்தார்.

"ஆரின்ரை கையெண்டாலும் பறவாயில்லை. மீன் ஒண்டும் பெரிசில்லையே. ஒரு எழுபது சென்ரிமீற்றர் வரும். குஞ்சு."

பாலேந்திரா அண்ணையின் கழுத்து நரம்பு புடைத்தது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். வாயைத் திறக்காதையுங்கோ அண்ணை, திறக்காதையுங்கோ என்று எனக்குள் சொன்னேன்.

"கமராவுக்குக் கிட்டப் பிடிச்சால் எதுவும் பெரிசாத்தான் தெரியும்" என்றார் பேதுரு. "எழுபதும் இல்லை. அறுபத்தஞ்சு."

"நூற்றேழு!"

கோயில் அதிர்ந்தது.

"நூற்றேழடா! அளந்தனாங்கள்! என்ரை கையாலை பிடிச்சனான், இந்தக் கையாலை! ஈயும் நான் கட்டினது. அந்தப் பழைய காவடியின்ரை மயிலிறகிலை நான் கட்டினது!"

காவடிக் கதையை யாரும் கேட்கவே இல்லை. அதையும் சேர்த்தே கொடுத்தார்.

ஐயர் அந்த இடத்திலேயே காப்பை வெட்டினார். தலைவர் பதவி அன்றைக்கு வராத ஒருவருக்குப் போனது. எந்த நிர்வாகத்திலும் அப்படித்தான் போகும். உபதலைவர் பதவியும் போய்விட்டது. காவடிக்குப் புது இறகு கட்டித் தர வேண்டும் என்றும், வருகிற சஷ்டி முழுக்கக் கோயில் கூட்ட வேண்டும் என்றும் தீர்ப்பாகியது. அவர் தலையைக் குனிந்தபடி எல்லாவற்றுக்கும் ஓம் என்றார்.

வெளியே சூரனின் தலைகள் மழையில் ஊறிக் கிடந்தன. நான் குப்பை போடப் போனபோது அவரும் ஹென்னிங்கும் காருக்குப் பக்கத்தில் நின்றார்கள். ஹென்னிங்கின் முகம் வெளுத்திருந்தது.

"நான் ஏதும் பிழை செய்துவிட்டேனா, பாலா? எல்லோரும் உன்மேல் கோபமாக இருக்கிறார்கள்."

"கோபம்தான்" என்றார் அவர். "நம்பினபடியால்தான் கோபப்படுகிறார்கள். நான் பிடிக்கவில்லை என்று நினைத்திருந்தால் ஏன் கோபப்படப் போகிறார்கள்?"

அப்போது பேதுரு சப்பாத்து நாடாவைக் கட்டாமலே ஓடிவந்தார். சண்டைக்கு வருகிறார் என்று நினைத்தேன். அவர் கிட்ட வந்து, காப்பு வெட்டிய வெறும் கையைப் பிடித்துக்கொண்டு, யாருக்கும் கேட்காமல் கேட்டார்:

"அண்ணை, உந்த இறகை எப்பிடிக் கட்டினனீங்கள்?"

அன்றைக்கு அந்த மனிதரின் முகத்தில் இருந்த சந்தோஷம் அபிதா பிறந்த நாளில்கூட இருக்கவில்லை என்று, அடுத்த நாள் வேலையில் தவமணி என்னிடம் குறைப்பட்டாள்.